நூற்றுப் பதினெட்டாவது கேள்வி

"இந்த ஆளுக்கு நம்ம மேல என்னதான் கடுப்பு?" காகிதத்தை மேஜை மேல் விட்டெறிந்தார் பிரசோஜோ அண்ணன்.

ஜகார்த்தாவிலுள்ள பாதுகாப்பு வாரியத்திலிருந்து வந்திருந்த நூற்றுப் பதினேழாவது கேள்வி அது: 'கம்பியை எலி கடித்தால் என்ன ஆகும்?'

எங்கள் பல்கலைக்கழகத்து அணு உலை சின்னது. மாணவர்கள் படிக்க, ஆராய்ச்சி செய்ய. ஏதாவது பிசகினால் உலையைத் தானாக அணைக்கிற கருவிக்கு நாற்பது வயதாகிவிட்டது. புதியதை வெளிநாட்டில் வாங்காமல் நாங்களே செய்தோம். நாங்கள் என்றால் நாலே பேர். ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்தது பிரசோஜோ அண்ணன்தான்.

டிசம்பர் முடிவதற்குள் எங்கள் கருவிக்கு வாரியம் சம்மதிக்காவிட்டால் உலையை மூட வேண்டும். மூடினால் மூடினதுதான்.

வாரியத்தின் சார்பில் சோதித்துச் சம்மதம் தர வேண்டியவர் சிஹோதாங் ஐயா. சுமத்ராக்காரர். ஜாவாக்காரர்கள் நாங்கள் முடியாது என்பதையே "சரிங்க, பார்க்கலாங்க" என்றுதான் சொல்வோம். அவருக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது.

முதலில் நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் பதினெட்டே பக்கம். 'கருவி நன்றாக உள்ளது, போதுமானது' என்று பணிவாக எழுதியிருந்தோம். 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று பதில் வந்தது. அதுதான் முதல் கேள்வி.

அவர் முதல் தடவை நேரில் வந்தபோது, உலைக்குத் தலைவியான வஹ்யூனி அம்மா வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்.

"ஐயா, எங்களுக்குச் செய்யத் தெரியும், எழுதத் தெரியாது. ஒரு மாதிரி இருந்தா குடுங்களேன்."

"மாதிரி ஏது? இதுவரைக்கும் யாரும் இதைச் சொந்தமா செஞ்சதில்லையே."

"இப்படி இப்படி எழுதுங்கன்னு நீங்களாவது..."

"சோதிக்க வந்தவன் ஒரு வரிகூட எழுதிக் குடுக்கக் கூடாது. சட்டம். கேள்வி கேக்க மட்டும்தான் எனக்கு அதிகாரம்."

தட்டில் வைத்த தெம்பேயை, சோயாவில் செய்து பொரித்த பலகாரத்தைக்கூட அவர் தொடவில்லை. அதுவும் கூடாதாம்.

அன்றிலிருந்து கேள்வி மழைதான். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை மனுஷர்.

"வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கொண்டாந்திருந்தா பல்லை இளிச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பான். நாம செஞ்சதுன்னா இளக்காரம்!" என்றார் அண்ணன்.

"சரிண்ணே, எலிக்கு என்ன பதில் எழுத?" பதில்களைத் தட்டச்சு செய்வது என் வேலை.

"ஒரு கம்பியைக் கடிச்சா இன்னொரு கம்பி காப்பாத்தும். அதுக்குத்தானே ரெண்டு வெச்சிருக்கோம்? எழுதிக்கோ..."

பாதியில் நிறுத்தினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பிகள் ஓடும் பரணில் ஏறினார். இறங்கும்போது தலையெல்லாம் ஒட்டடை.

"ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள ஓடுது, ரத்ரி. கடிச்சா ரெண்டையும் சேர்த்துத்தான் கடிக்கும்."

வேறு குழாய் போட நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அண்ணன் யாரையும் திட்டவில்லை.

ஐந்தாம் நாள் நூற்றுப் பதினெட்டாவது கேள்வி வந்தது: 'இதைச் செய்தவர்களின் முழுப் பெயர்கள் என்ன?'

"பார்த்தியா! நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைப் பிடிச்சு உள்ள போடலாம்னு இப்பவே பேர் கேக்கறான். முழுப் பேராம்! எனக்கு எங்கப்பா வெச்சதே ஒரே பேருதான்!"

"நம்ம கை செஞ்சது. பேரைச் சொல்ல என்ன பயம்?" என்றார் வஹ்யூனி அம்மா. "எழுதும்மா ரத்ரி. முதல்ல பிரசோஜோ பேரைப் போடு."

டிசம்பர் மூன்றாவது வாரம் சிஹோதாங் ஐயா மறுபடி வந்தார். ஒரு கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கினார். இன்னொன்றின் வழியாக 'ஆபத்து' என்று சமிக்ஞை கொடுக்கச் சொன்னார். ஒரு வினாடி ஆகவில்லை, அணைக்கும் தண்டுகள் விழுந்து உலை நின்றது. விட்டாரா? பதினொரு தடவை அதையே செய்ய வைத்தார். பதினொரு தடவையும் நின்றது. என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டார். வஹ்யூனி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பாராட்டு? ஒரு சிரிப்பு? ம்ஹும்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு. என் கேள்வியை எல்லாம் எடுத்துடுங்க. பதில்களை மட்டும் வரிசை மாத்தாம அச்செடுங்க. கடைசிப் பதில் மட்டும் முதல் பக்கத்துல வரணும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

"போறப்பகூட வேலை வெச்சுட்டுப் போறான் பாரு!" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பக்க எண் சரிபார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பழைய கருவியில் என்ன குறை, புதியது எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சோதித்தோம் என்று ஒன்று விட்ட இடத்தில் அடுத்தது தொடங்கியது. எலிகூடச் சரியான இடத்தில்தான் வந்தது. நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அச்செடுத்து அண்ணனிடம் நீட்டினேன். பத்துப் பக்கம் புரட்டினார்.

"யாரும்மா எழுதினது? புத்தகம் மாதிரியே இருக்கே!"

"முதல் பக்கத்தைப் பாருங்கண்ணே."

பார்த்தார். அந்தத் தாளில் நாலே நாலு பெயர்கள். முதலில், தனியாக, அவருடைய ஒற்றைப் பெயர்.

அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "அஞ்சாவதா அந்த மனுஷர் பேரையும் சேர்த்துடும்மா" என்றார்.

"எப்படிண்ணே சேர்க்கிறது? அவர்தான் இதுல ஒரு வரிகூட எழுதலையே!"