அசையாத பத்து வோல்ட்

மாத்தளை டவுனில் மீட்டர் திருத்தும் பாறூக் நானாவுக்கும் அதே தொழில் செய்யும் ரத்தோட்டை நோபர்ட்டுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு கல்யாண வீட்டில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நோபர்ட், "நானா, ஒங்க பெட்டி கொஞ்சம் சறுக்குதோன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டான். போதாதா?

பெட்டி என்றால், சரியாகப் பத்து வோல்ட் தரும் பெட்டி; அந்த அளவு துளி கூடினாலும் குறைந்தாலும் அதுதான் சறுக்கல். அதை வைத்துத்தான் மற்ற மீட்டர்களைச் சரிபார்ப்பார்கள். இருவரிடமும் ஆளுக்கொன்று இருந்தது. அன்றைக்கே பாறூக் ஒரு கொப்பி வாங்கி, மாதாமாதம் தன் பெட்டியை அளந்து எழுதத் தொடங்கினார்.

இப்போது ரிவர்ஸ்டன் பக்கத்து மின் நிலையமொன்று, தன் மீட்டர்களை இருவரில் யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க இன்ஜினியர் ஆதிபாவை அனுப்பியிருந்தது. வேலை நோபர்ட்டுக்குப் போனால் அவன் அன்று சொன்னது சரியென்றாகிவிடும். பாறூக் அதற்கு விடுவாரா?

பாறூக்கின் வீட்டுக்கு வந்த ஆதிபாவின் கையில் நோபர்ட்டின் கொப்பி ஏற்கெனவே இருந்தது. பாறூக் எட்டிப் பார்த்தார். மாதத்துக்கு மாதம் வேறு வேறு எண்! வாய் காது வரை போனது.

"பாத்தீங்களா மகள்? இதெல்லாம் ஒரு பெட்டியா? வருசா வருசம் பஸ்ஸில மடியில வச்சுக் கொழும்புக்குக் கொண்டுபோறான், சீக்குப் புள்ளைய டொக்டர்கிட்ட காட்டுற மாதிரி."

"அங்க பெரிய பெட்டியோட ஒப்பிட்டுப் பாக்கிறாராம் மாமா. எவ்வளவு சறுக்கிச்சுன்னு எழுதியும் வச்சிருக்கிறார்."

"சறுக்கினத எழுதிவேற காட்டுறான், வெக்கங்கெட்டவன்! இப்ப என்ட கொப்பியப் பாருங்க."

பார்த்தாள். ஒன்பது வருடம், நூற்றெட்டு மாதம். எல்லா வரியிலும் 10.00000.

ஆதிபாவின் புருவம் உயர்ந்தது. பாறூக்குக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"றுஸைனா, மகளுக்கு ஒரு பிளேன்டி!" என்று வீட்டுக்குள் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "சீனி கூடப் போடு!"

"இத எதால அளக்கிறீங்க மாமா?"

"இந்த மீட்டரால. மாத்தளையிலயே இத மிஞ்சின மீட்டர் இல்ல."

"மீட்டர் சரின்னு எப்படித் தெரியும்?"

பாறூக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே!

"அளக்க முந்தி ஒவ்வொரு தடவையும் நானே சரிபண்ணி வைக்கிறேனே மகள், இந்தப் பெட்டிய வச்சு!"