தீர்ந்ததும் எழுதவும்

இன்றைக்கும் வகுப்பு நடக்கும்போதே நெட் போய்விட்டது.

திரையில் பயிற்சி மேடம் பாதி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக் கரும்புக் கொல்லையில் எறிந்திருப்பேன்.

இன்னொரு முறை பாதியில் காணாமல் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று மேடம் நேற்றே சொல்லிவிட்டார். பயிற்சியை முடித்தால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கல்யாணமாகி உறுவையாற்றுக்கு வந்தபின் எனக்கென்று கிடைத்த முதல் வேலை.

அந்த வகுப்பு போனில் திறக்காது. வீட்டுக்குள் டவரும் எடுக்காது. வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது, லேப்டாப் மட்டும்தான் படுத்துக்கொள்கிறது.

நெட் கம்பெனி லைன்மேன் கண்ணையன் போன வாரம் வந்தார். வெயிலில் கம்பம் கம்பமாக ஒயரைப் பார்த்துவிட்டு, லைன் நல்லா இருக்கும்மா என்றார். வாங்குகிற சம்பளத்துக்கு ஒழுங்காகப் பாருங்கள் என்று அந்த மனிதரைப் பிடித்துக் கத்தினேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். போய்ச் சொன்னேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ஒயர அணிலு கடிச்சிருக்கும். நெட்டு வரலன்னா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

அணில் என் வகுப்பு நேரம் பார்த்துத்தான் கடிக்கும் போலிருக்கிறது. சனி, ஞாயிறு அதற்கும் லீவு.

அவரையும் குறை சொல்லக் கூடாது. வேலைக்குப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ். அதனால் லினக்ஸ் குழுவில் எழுதிக் கேட்டேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் தோழர். ஞாயிறுதோறும் புதுச்சேரியில் கூடுவார்கள். நான் ஒரு முறைகூடப் போனதில்லை. ஞாயிறானால் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்குக் கறி கழுவி, ஆக்கி இறக்கவே பொழுது போய்விடும்.

தோழர் அரிகரன்தான் வழக்கம்போல முதலில் பதில் போட்டார். குழுவில் மூத்தவர். உன் கணினி உன் உரிமை, அதை எவனும் பூட்டி வைக்க விடாதே என்று அவர் எழுதுவதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

"வைஃபை டிரைவர் கோளாறு தோழர். லினக்ஸ மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க."

முன்பும் இதையேதான் சொன்னார். நானும் நம்பி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பயிற்சிக் குறிப்புகள் அத்தனையும் அதோடு போயின. நெட் மட்டும் வரவில்லை. அவர் சொல்லிவிட்டால் குழுவில் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்றைக்கு ஒருத்தி திறந்தாள். திருவாண்டார்கோயில் அர்ச்சனா, குழுவுக்குப் புதுசு.

"ரௌட்டர்ல இருந்து நேரா கேபிள் சொருகிப் பாருங்க தோழர்."

அரிகரன் உடனே குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் வேணாம். ரௌட்டர்ல கை வெச்சா கம்பெனிக்காரன் கேள்வி கேப்பான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடுதலை விடுதலை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு ஒரு கேபிளைச் சொருக இவ்வளவு பயமா?

ரௌட்டர் வாங்கிய அட்டைப்பெட்டியில் கேபிள் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. டிவிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சொருகினேன்.

மேடத்தின் வாய் மூடிக்கொண்டது. பாடம் ஓடத் தொடங்கியது. குழுவில் அதை எழுதினேன்.

"அப்போ லைனும் சரி, லேப்டாப்பும் சரி. ரௌட்டர்தான் உங்க வைஃபைய தடுக்குது. செட்டிங்க தொறந்து பாருங்க. பாஸ்வேர்டு அடியிலயே ஒட்டியிருக்கும்" என்று எழுதினாள் அர்ச்சனா.

திறந்தேன். பிள்ளைகள் நெட் பார்க்காமல் இருக்கப் பெற்றோர் நேரம் குறித்துப் பூட்டுவதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. அங்கே என் லேப்டாப். திங்கள் முதல் வெள்ளி வரை, என் வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடத்திலிருந்து முடியும் வரை.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் கிடையாது.

அழுகை வரவில்லை. பூட்டை எடுத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன்.

"தீர்ந்துச்சா தோழர்?" என்று அர்ச்சனா கேட்டிருந்தாள்.

குழுவில் ஒரு விதி உண்டு. சிக்கல் தீர்ந்தால் எப்படித் தீர்ந்தது என்று எழுதியே ஆக வேண்டும், அடுத்தவருக்கு உதவும். எழுதாமல் நழுவுகிறவர்களைத் தோழர் அரிகரன் பெயர் சொல்லிக் கேட்பார்.

எழுதினேன்.

"தீர்ந்தது தோழர்களே. லைனில் கோளாறு இல்லை. டிரைவரிலும் இல்லை. லைன்மேன் கண்ணையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் வேலைக்குப் போய்விடக் கூடாது என்று என் லேப்டாப்பை மட்டும் ரௌட்டரில் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டியவர் தோழர் அரிகரன்."

அனுப்பினேன்.

உள்ளறையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கட்டில் கிறீச்சிட்டது. லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, போனும் கையுமாக வந்து நின்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாடி எழுதி வெச்சிருக்க? எல்லாம் பாக்குறாங்க, அழிடி!"

திரையில் மேடம் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு வந்தார். அடுத்தது என் பெயர். மைக்கைத் திறந்தேன். தோழர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"இருக்கேன் மேடம்" என்றேன்.