இடது கை எழுத்து

மெல்பர்ன் யூத ஜெப ஆலயத்தில் காலைத் தொழுகை தொடங்கும் நேரம். வேத வசனம் வைத்த தோல்பெட்டியை ஒரு வெளியூர்க்காரர் வலது கையில் கட்டுவதைக் கண்டு, தினமும் அங்கே தொழ வரும் செலிக்குக்குப் பொறுக்கவில்லை.

“இடது கையில கட்டணும் ஓய். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.”

“எனக்கு வலதுதாங்க.”

“உமக்குன்னு தனிச் சட்டமோ? என் பெட்டியைப் பாரும். உள்ள இருக்கிறது ஜெருசலேம்ல பேர்போன வேத எழுத்தர் அஸ்ரியேல் கைப்பட எழுதின வசனம். இந்த ஊர்ல வேற எவன்கிட்ட இருக்கு?”

வந்தவர் சிரித்தபடி வாரை இறுக்கினார்.

“வலுவில்லாத கையிலதானே கட்டணும்? நான் இடதுகைக்காரன். உங்க பெட்டியில இருக்கிறதையும் இந்த இடது கையாலதான் எழுதினேன்.”

செலிக் தன் பெட்டியைத் தூக்கிப் பிடித்து மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களாய்யா? இடது கையால எழுதினது. வேற யார்கிட்டயாவது இருந்தா காட்டுங்க பார்ப்போம்.”