பூவரசங்காம்பு

வெள்ளச்சி என்ற ஆட்டின் குட்டி சுட்டியனை, குளக்கரையில் எல்லாரும் பார்த்திருக்கக் காவல் நாய்கள் கூட்டிக்கொண்டு போயின. விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றுதான் சொல்லின. அன்றிலிருந்து அவளுக்குச் சிங்கராசாவின் வாசல் படலையடியே கதி.

"உன்ர குட்டி இஞ்ச வரவேயில்லை, வெள்ளச்சி," என்பார் வாசல் காக்கும் நரியார். "கொண்டுபோனது வேற நாயளாயிருக்கும்."

"ராசா அறியாமல் இந்தக் காட்டில எந்த நாய் குரைக்கும், நரியார்?"

மழை வந்தது, வெயில் வந்தது, பழைய சிங்கம் போய்ப் புதுச் சிங்கமும் வந்தது. ஒருநாள் நரியார் ஒரு கட்டுப் பூவரசங்குழையோடு வெளியே வந்தார். அன்றைக்கு அவருக்கும் மனம் கொஞ்சம் இளகியிருந்தது போல.

"எவ்வளவு காலத்துக்கு இப்பிடிக் கிடப்பாய்? குட்டி செத்துப்போச்செண்டு மனசைத் தேற்று. அதுக்கு விருப்பமானதைப் படைச்சுத் திவசத்தைச் செய். இதைப் புது ராசா தந்துவிட்டவர். நான்தான் நீட்டுக் காம்பாய்ப் பாத்துக் கட்டுவிச்சனான். இலையைத் துப்பிப்போட்டுக் காம்பைத்தானே தின்னும், விசர்க் குட்டி!"

வெள்ளச்சி குழையை முகர்ந்து பார்த்தாள்.

"ஓம், காம்பைத்தான் தின்பான்," என்றாள் மெதுவாக. "இஞ்ச வராத பிள்ளைக்கு நீங்கள் எப்ப, நரியார், சாப்பாடு குடுத்தனீங்கள்?"

நரியார் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளச்சி குழையில் வாய் வைக்கவில்லை. பிள்ளை வந்தால் தின்னட்டுமென்று அதை நிழலுக்குள் தள்ளிவைத்துவிட்டு, படலையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.