மாற்றிப் பிடித்த துப்பாக்கி

சுவிஸின் சோலோதுர்ன் நகரச் சுடுதளத்தின் வெள்ளை விளக்கு கோபிஷாவின் புதிய கைத்துப்பாக்கியில் பட்டு மினுங்குகிறது. கோசலாவுடையதைவிட மூன்று மடங்கு விலை. அந்த விலைதான் குறி தவறாமல் சுடுகிறது என்று கோசலாவுக்கு மூன்று மாதமாக வயிறு எரிகிறது. அதே ரகத் துப்பாக்கியை வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு நேற்றுத்தான் வந்து, அவள் ஜாக்கெட் பையில் மடிந்திருக்கிறது. “இந்தாங்கோ அக்கா, இதாலை சுட்டுப் பாருங்கோ. நான் உங்கடையாலை சுடுறன்” என்கிறாள் கோபிஷா. கனத்த பிடி கோசலாவின் உள்ளங்கையில் குளிர்ந்து கச்சிதமாக அமர்கிறது. ஆளுக்கு ஐந்து வெடி. வெடிமருந்து வாசத்தின் நடுவே இலக்குத் தாள்கள் ஆடியபடி திரும்பி வருகின்றன. கோசலாவின் துளைகள் திசைக்கொன்றாகச் சிதறியிருக்கின்றன. மலிவுத் துப்பாக்கியின் ஐந்தும் நடுவட்டத்தில் ஒரு காசுக்குள் அடங்கியிருக்கின்றன. “உங்கடையும் வடிவாத்தானே சுடுது அக்கா” என்று தாளைத் தூக்கிக் காட்டுகிறாள் கோபிஷா. “ஓம்” என்கிறாள் கோசலா. அவள் பார்ப்பது தாளை அல்ல, அதைப் பிடித்திருக்கும் நடுங்காத கையை. பைக்குள் அனுமதிச் சீட்டு அவள் விரல்களில் கசங்குகிறது.