இரும்போட குணம்

"அண்ணே, மறுபடியும் துரு!" எதிர்த்தெரு அம்மாள் கத்தியை நீட்டினாள்.

"என்னம்மா பண்றது, இரும்போட குணம்," என்றார் சாணைக்காரர்.

ஊரே ஸ்டீல் கத்திக்கு மாறிவிட்டது. வாரம் தவறாமல் வருவது இவள் ஒருத்திதான். வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். மற்ற நாளெல்லாம் அவர் கடையில் ஈ ஓட்டுவதுதான்.

"ஸ்டீல் கத்தி வாங்குன்னு பொண்ணு ஃபோன்ல திட்டுறா. ஆயுசுக்கும் துருவே பிடிக்காதாமே?"

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வெறும் பளபளப்பும்மா. தக்காளிகூட நறுக்காது."

"அதானே! நானும் அதையேதான் சொன்னேன்."

அவள் சட்டென்று நம்பியதில் அவருக்கு மனசு உறுத்தியது. இத்தனை நாளும் சாணை பிடித்த பிறகு எண்ணெய் என்று சொல்லி அவர் தடவிக் கொடுத்தது உப்புத் தண்ணீரை. இன்று நிஜமாகவே எண்ணெயை வழிய வழியத் தடவினார். இனி இவள் இந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறாள்?

அடுத்த வாரம் அதே கிழமை வாசலில் நிழல் தட்டியது.

"அண்ணே, மறுபடியும் துரு!"

வாங்கிப் பார்த்தார். கத்தி முழுக்கச் செம்பழுப்பு. அலகைத் தடவிய விரலை மெல்ல நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

"என்னம்மா பண்றது," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "இரும்போட குணம்."