மாதம் ஒருமுறை

குமாஸ்தா நீட்டிய ஓய்வூதியப் படிவத்தில், பணம் எப்போதெல்லாம் வேண்டும் என்பதற்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை. நாற்பது வருடம் மூட்டை தூக்கி, சனிக்கிழமைதோறும் மேஸ்திரியிடம் கை நீட்டியவன் நான்.

"வாரம்னே போடுங்க. மாசக் கடைசியில உலை வைக்க வேணாமா?" என்றாள் என் மனைவி ராக்காயி.

"மாசச் சம்பளக்காரனுக்குத்தான் பொண்ணு குடுப்பேன்னு உங்கப்பன் குதிச்சான்ல?"

"அந்தாளு செத்தே இருபது வருசமாச்சு!"

குமாஸ்தா கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். நான் அவருடைய மைப்பேனாவைக் கேட்டு வாங்கினேன். அறுபதாம் வயதில் கற்ற எழுத்து. இரண்டாவது கட்டத்துக்குள் 'மாதம்' என்று எழுதினேன். கட்டம் போதாமல் எழுத்து வெளியே வந்தது.

"டிக் அடிச்சாப் போதும், பெரியவரே."

"தெரியும் சார்."

"கடைசி வாரம் கஞ்சிதான், பாத்துக்குங்க," என்ற ராக்காயி, குனிந்து மை காய ஊதினாள்.